கால் கட்டைவிரல் வளைந்தால் கத்தி வைத்தே ஆக வேண்டுமா?

எலும்பு, மூட்டு தொடர்பான வாசகர் கேள்விகளுக்கு எலும்பு மருத்துவர் பதிலளிக்கும் பகுதி இது. கால் கட்டைவிரலின் அடியில் உள்பக்கமாக எலும்பு புடைத்து, விரல் அடுத்த விரலை நோக்கிச் சாய்ந்துவிடும் தொல்லையைப் பற்றியே இம்முறை பல கடிதங்கள் வந்திருப்பதால், பகுதி முழுவதும் அதற்கே ஒதுக்கப்பட்டுள்ளது. கடிதம் எழுதியோரின் பெயர்கள் வெளியிடப்படவில்லை.

கேள்வி: எனக்கு வயது 49. மதுரை மாசி வீதிப் பகுதியில் ஒரு ஜவுளிக் கடையில் சேலைப் பிரிவில் விற்பனையாளராக இருக்கிறேன். காலை முதல் இரவு வரை பெரும்பாலும் நின்றபடிதான் வேலை. இரண்டு கால்களிலும் கட்டைவிரல் அடியில் எலும்பு புடைத்துள்ளது. என் அம்மாவுக்கும் இப்படித்தான் இருந்தது. அவர் எந்த வைத்தியமும் செய்துகொள்ளவில்லை. எனக்கு இரண்டு ஆண்டுகளாக வலது காலில் வலி அதிகம். எக்ஸ்ரே பார்த்த ஒரு மருத்துவர் ஆபரேஷன் செய்துகொள்ளச் சொன்னார். இன்னொருவர், பொறுத்துக்கொள்ள முடிந்தால் விட்டுவிடுங்கள் என்றார். செய்தாலும் திரும்ப வந்துவிடும் என்கிறார் என் நாத்தனார். வருகிற தை மாதம் மகளுக்குத் திருமணம். தீபாவளி விற்பனை முடிந்தவுடன் செய்துகொண்டால் திருமணத்திற்குள் சரியாகிவிடுமா? செய்துகொள்ளலாமா, வேண்டாமா?
— ஒரு வாசகி, மதுரை

பதில்: சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். திருமணத்திற்கு முன் செய்துகொள்ள வேண்டாம். தீபாவளிக்கும் தை மாதத்திற்கும் இடையில் கிடைப்பது ஏறத்தாழ மூன்று மாதம். அதற்குள் எலும்பு கூடிவிடும் என்றாலும் வீக்கம் முழுமையாக வடிய ஆறு மாதம் ஆகலாம். சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். பெண்ணின் தாயாகப் பத்திரிகை வைக்க வீடு வீடாக அலைந்து, மண்டபத்தில் இரண்டு நாள் நிற்க வேண்டிய காலத்தில், புதிதாக வெட்டித் திருத்திய காலோடு இருப்பது உங்களுக்கும் நல்லதன்று, காலுக்கும் நல்லதன்று. இந்தத் தொல்லையில் அவசர அறுவை சிகிச்சை என்பது அநேகமாக இல்லை. சில மாதம் தள்ளிப்போடுவதால் எதுவும் கைமீறிப் போய்விடாது.

செய்துகொள்ளலாமா என்பதற்கு வருவோம். புதிதாக ஓர் எலும்பு வளர்ந்து வெளியே துருத்திக்கொண்டிருப்பதாகவே பலரும் எண்ணுகிறார்கள். அதைச் சீவிவிட்டால் போதும் என்றும் நினைக்கிறார்கள். உண்மையில் பாதத்தின் நடுவிலுள்ள நீண்ட எலும்பு உள்பக்கமாக விலகுகிறது, அதன் முனையில் இருக்கும் கட்டைவிரல் எதிர்ப்பக்கமாகச் சாய்கிறது. விலகிய எலும்பின் தலைதான் தோலுக்கடியில் புடைப்பாகத் தெரிகிறது. அதன்மேல் செருப்பு உரச உரச, அங்குள்ள நீர்ப்பை வீங்கிச் சிவந்து வலிக்கிறது. விலகலே நோயின் அடிப்படை என்பதால், களிம்பு தடவியோ எண்ணெய் போட்டு உருவியோ எலும்பைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர முடியாது. புடைப்பை மட்டும் சீவிவிட்டால் பெரும்பாலும் மறுபடியும் தலைதூக்கும்.

உங்கள் அம்மாவுக்கும் இருந்தது என்று எழுதியிருப்பது முக்கியமான குறிப்பு. பாதத்தின் அமைப்பும் மூட்டுகளின் நெகிழ்வும் குடும்பவழி வருபவை. காலணி அதன்மேல் சுமையை ஏற்றுகிறது. ஹாங்காங்கில் நடத்தப்பட்டு 1958-இல் வெளியான ஓர் ஆய்வில், காலணி அணிந்து பழகியவர்களில் 33 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலோடு வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ 2 விழுக்காட்டினருக்கும் இந்த வளைவு இருந்தது. வெறுங்காலோடு இருந்தவர்களிலும் சிலருக்கு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னதில் எனக்கு வியப்பில்லை. எக்ஸ்ரேயில் கோணத்தை அளக்கிறோம். கட்டைவிரலின் சாய்வு 15 பாகை வரை இயல்பு. 40 பாகையைத் தாண்டினால் கடுமையானது. ஆனால் கோணத்தின் அளவும் வலியின் அளவும் கைகோத்துச் செல்வதில்லை. பெரிய வளைவோடு வயல் வேலை செய்துகொண்டு, கேட்டால் "வலியா, அதெல்லாம் ஒன்றுமில்லை" என்பவர்களைப் பார்க்கிறேன். சிறு புடைப்போடு நொண்டுபவர்களையும் பார்க்கிறேன். ஒருவர் படத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார், மற்றவர் உங்களைப் பார்த்துச் சொல்லியிருப்பார். எக்ஸ்ரே, எந்த முறையில் அறுப்பது என்பதைத் தீர்மானிக்க உதவும். அறுப்பதா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்க உங்கள் அன்றாட வாழ்க்கையைத்தான் கேட்க வேண்டும். அந்தப் படத்தையும் நின்றபடி எடுத்திருக்க வேண்டும். படுக்க வைத்து எடுத்திருந்தால் விலகலின் முழு அளவு தெரியாது. உறையில் இருக்கும் படம் எப்படி எடுக்கப்பட்டது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எனவே உங்களை நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியவை வேறு. அகலமான செருப்பு அணிந்தபோதும் வலிக்கிறதா? வலியால் பேருந்து நிறுத்தத்திலிருந்து கடை வரை நடக்க முடியாமல் போகிறதா? வலி இரவுத் தூக்கத்தைக் கெடுக்கிறதா? இரண்டாம் விரல் கட்டைவிரலின் மேலேறி, அதன்மேல் காய்ப்பு விழுந்துவிட்டதா? இவற்றில் ஒன்றிரண்டுக்கு ஆம் என்றால், அறுவை சிகிச்சையைப் பற்றி எண்ணுவதில் நியாயம் இருக்கிறது. செருப்பு மாற்றினால் வலி போய்விடுகிறது என்றால், செருப்பே உங்களுக்கு மருந்து.

அதை நீங்கள் முறையாகச் செய்து பார்த்ததாகக் கடிதத்தில் இல்லை. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு வெள்ளைத் தாளின்மேல் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு வரையுங்கள். உங்கள் செருப்பை அந்தக் கோட்டின்மேல் வையுங்கள். முன்பகுதியில் செருப்பு கோட்டுக்கு உள்ளே அடங்கிவிட்டால், அந்த வித்தியாசம் முழுவதையும் உங்கள் விரல்கள்தான் தாங்குகின்றன என்று பொருள். முன்பக்கம் அகலமாகவும், குதி உயரம் குறைவாகவும், மேல்வார் புடைப்பின்மேல் படாமல் இறுக்கித் தளர்த்தும்படியும் இருக்கிற செருப்பை வாங்குங்கள். ஹவாய் செருப்பின் வார் பலருக்குச் சரியாகப் புடைப்பின்மேல்தான் ஏறி உட்காருகிறது. வேலை முடிந்தபின் பத்து நிமிடம் பனிக்கட்டி ஒத்தடம், வலி மிகுந்த நாள்களில் மருத்துவர் தரும் வலிமாத்திரை, புடைப்பைச் சுற்றி மெத்தென்ற பஞ்சு வளையம் ஆகியவற்றையும் சேர்த்து மூன்று மாதம் பாருங்கள். மூன்று மாதம் என்பது திருமண வேலைகளுக்குள்ளேயே கழிந்துவிடும்.

கடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம், பணியாளர்களுக்கு இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காருவது உங்களுக்குச் சட்டம் தந்திருக்கும் உரிமை. மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார் என்று தயங்கி முழுநாளும் நின்றுவிட்டு, பிறகு என்னிடம் வலிமாத்திரை கேட்பவர்கள் ஏராளம்.

இத்தனைக்குப் பிறகும் வலி நீடித்தால், அறுவை சிகிச்சை உங்களுக்கு உரியதுதான். அதில் நூற்றுக்கும் மேற்பட்ட முறைகள் எழுதப்பட்டிருக்கின்றன. நடைமுறையில் இருப்பவை சிலவே. வளைவு குறைவாகவோ நடுத்தரமாகவோ இருந்தால் நீண்ட எலும்பை வெட்டி நகர்த்தி, திருகாணி கொண்டு நிலைநிறுத்துவார்கள். செவ்ரான், ஸ்கார்ஃப் என்று மருத்துவர் சொல்வது இவற்றையே. வளைவு மிகுந்து, எலும்பின் அடிமூட்டும் தளர்ந்திருந்தால் அந்த மூட்டை இணைத்துவிடும் லாபிடஸ் முறை. கட்டைவிரல் மூட்டே தேய்ந்துபோயிருந்தால் அதை அசையாதபடி இணைத்துவிடுவதும் உண்டு. இந்தக் கடைசி முறையைப் பற்றி நம் ஊர்ப் பெண்கள் குறிப்பாகக் கேட்டறிய வேண்டும். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழும்போதும், குத்துக்காலிட்டு அமரும்போதும் கட்டைவிரல் பின்னோக்கி மடங்க வேண்டும். இணைத்த மூட்டு மடங்காது.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டோ, கணுக்காலைச் சுற்றி மரத்துப்போகச் செய்தோ அறுவை நடக்கும். அறுப்பது ஒரு மணி நேர வேலை. அதன்பின் வரும் ஆறு வாரம்தான் உண்மையான சிகிச்சை. முதல் இரண்டு வாரம் காலை நெஞ்சுக்கு மேலாக உயர்த்தி வைத்துப் பெரும்பாலும் படுத்திருக்க வேண்டும். அதன் முடிவில் தையல் பிரிப்பார்கள். ஆறு வாரம் வரை குதியை மட்டும் ஊன்றி நடக்கும் தனிச் செருப்பு. பிறகு எக்ஸ்ரே எடுத்து, எலும்பு கூடியிருந்தால் அகலமான சாதாரணச் செருப்புக்கு மாறலாம். வண்டி ஓட்ட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். உங்களைப்போல் நின்றே பார்க்கும் வேலைக்குத் திரும்ப இரண்டு முதல் மூன்று மாதம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். லாபிடஸ் முறையில் இது இன்னும் நீளலாம்.

இங்கேதான் பல பெண்களின் அறுவை சிகிச்சை கெட்டுப்போகிறது. அறை சுத்தமாக இருக்கும், திருகாணி சரியாக இருக்கும், மருத்துவர் தேர்ந்தவராக இருப்பார். ஆனால் பத்தாம் நாளே அடுப்படியில் நிற்பார்கள். "நான் எழுந்திருக்காவிட்டால் வீடு ஓடுமா, டாக்டர்?" என்று என்னிடமே கேட்பார்கள். அந்த ஆறு வாரம் சமைப்பது யார், தண்ணீர் பிடிப்பது யார் என்பதற்கு வீட்டில் பெயர் சொல்லிப் பதில் கிடைக்கும் வரை நாள் குறிக்காதீர்கள். மகள் புகுந்த வீடு போயிருப்பார் என்பதால், கணவரிடமும் மற்றவர்களிடமும் இப்போதே பேசிவிடுங்கள். மாடி வீடு என்றால் கீழே ஓர் இடம் ஏற்பாடு செய்ய வேண்டும். வீட்டில் தரைமட்டக் கழிப்பறை மட்டும் இருந்தால், கமோடு வைத்த நாற்காலி ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரமும் குத்துக்காலிட முடியாது. இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால், உங்கள் வீட்டு நிலையைச் சொல்லி ஒரு காலோடு நிறுத்துங்கள். வலிக்கும் வலது கால் முதலில். இடது கால் வலிக்காதவரை அதைத் தொடத் தேவையே இல்லை.

மெட்டியைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அறுவைக்கு முன் அதைக் கழற்றியாக வேண்டும். வீக்கம் ஏறிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். கட்டைவிரல் இடித்து இடித்து இரண்டாம் விரல் தடித்துப்போன கால்களில் மெட்டி பல ஆண்டுகளாக இறுகிக் கிடக்கும். அறுவை அறை வாசலில் சோப்பு நீர் போட்டு உருவிக்கொண்டிருப்பதைவிட, முந்தைய வாரமே நகைப் பட்டறையில் கழற்றி, வாய் திறந்த மெட்டியாக மாற்றிக்கொள்வது நல்லது. வீட்டுப் பெரியவர்கள் மனம் சங்கடப்படுவார்கள் என்றால் அவர்களிடமும் முன்பே சொல்லிவையுங்கள்.

உங்கள் நாத்தனார் சொல்வதிலும் உண்மை உண்டு. வளைவு ஓரளவு திரும்புவது நடக்கக்கூடியதே. பழைய குறுகிய செருப்புக்குத் திரும்புபவர்களுக்கும், இளவயதில் செய்துகொள்பவர்களுக்கும், வளைவுக்குப் போதாத முறையில் அறுக்கப்பட்டவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். அதுமட்டுமன்று: புண்ணில் கிருமித்தொற்று, விரலின் ஓரத்தில் நிலையான மரத்துப்போதல், மூட்டு இறுகிப்போதல், சுமை இடம்மாறி அடுத்த விரல்களின் அடியில் புதுவலி தோன்றுதல், அளவுக்கு மீறித் திருத்தி விரல் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடுதல் ஆகியவையும் நேரலாம். பெரும்பாலானவர்களுக்கு வலி நன்றாகவே குறைகிறது. ஆனால் இருபது வயதில் இருந்த கால் திரும்பி வராது. கூர்முனைச் செருப்பு எதுவும் இனி வேண்டாம்.

செலவைப் பொறுத்தவரை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், நாள் குறிக்கும் முன் மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் உங்களுக்குச் சொன்ன அறுவையின் பெயரைக் காட்டிக் கேளுங்கள். தனியார் காப்பீடு என்றால், இது அழகுக்காகச் செய்வதன்று, வலிக்கும் நடை முடக்கத்திற்கும் செய்வது என்று மருத்துவர் எழுத்தில் தருவது அவசியம். அழகுக்கான அறுவைக்கு அவர்கள் பணம் தருவதில்லை.

மாசி, பங்குனியில் கடையில் கூட்டம் குறையும்போது விடுப்பு கேட்க முடியுமா என்று பாருங்கள். அதற்குள் புதுச் செருப்பிலேயே வலி அடங்கிவிட்டால், எனக்கு இன்னும் மகிழ்ச்சி.

கேள்வி: என் தாயாருக்கு வயது 67. சர்க்கரை நோய் 15 ஆண்டுகளாக இருக்கிறது. இதேபோன்ற எலும்புப் புடைப்பின்மேல் தோல் சிவந்து, கடந்த வாரம் சிறு புண்ணாகிவிட்டது. வலியே இல்லை என்கிறார். வெள்ளிக்கிழமைதோறும் மீனாட்சியம்மன் கோயிலுக்குச் செல்வதை நிறுத்தவும் மறுக்கிறார். புடைப்பை அறுத்து எடுத்துவிட்டால் புண் வருவது நின்றுவிடும் அல்லவா?
— ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: வலியே இல்லை என்பதுதான் எனக்குக் கவலை தருகிறது. எலும்பின்மேல் தோல் கிழிந்தும் வலிக்கவில்லை என்றால், சர்க்கரை நோயால் பாத நரம்புகள் உணர்விழந்திருக்கக்கூடும். இந்த நிலையில் புடைப்பு இரண்டாம் பிரச்சினை. புண்தான் முதல் பிரச்சினை. இக்கடிதத்தைப் படிக்கும் நாளிலேயே தாயாரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மதுரை அரசு ராசாசி மருத்துவமனையில் சர்க்கரை நோய்ப் பிரிவும் எலும்பு மருத்துவப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன. புண்ணின் ஆழம் எலும்பு வரை போயிருக்கிறதா, மெல்லிய நைலான் இழையால் தொட்டால் உணர்கிறாரா, கணுக்காலில் நாடித்துடிப்பு இருக்கிறதா, பாதத்திற்கு ரத்த ஓட்டம் போதுமா என்பவற்றைப் பார்ப்பார்கள். காய்ச்சல், பாதம் முழுவதும் வீக்கம், கெட்ட வாடை, கருத்த நிறம் ஆகியவற்றில் எது இருந்தாலும் இரவென்றும் பாராமல் போக வேண்டும்.

இந்த வயதில், இந்தச் சர்க்கரையோடு, திறந்த புண் இருக்கும்போது புடைப்பை நேராக்கும் அறுவையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ரத்த ஓட்டம் குறைந்த காலில் அறுத்த இடம் ஆறாமல் போனால், புடைப்போடு விரலும் போய்விடும். புண் முழுமையாக ஆறி, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி கட்டுக்குள் வந்து, ரத்த ஓட்டமும் நன்றாக இருந்து, செருப்பு மாற்றிய பின்னும் அதே இடத்தில் புண் திரும்பத் திரும்ப வந்தால் மட்டுமே அதைப் பேசலாம்.

அதுவரை அவருக்குத் தேவை எம்.சி.ஆர். செருப்பு. மென்மையான ரப்பர் அடித்தளமும், புடைப்பில் படாத அகல வாரும் கொண்டது. பாத அளவெடுத்துச் செய்வது மேல். வீட்டுக்குள்ளும் அதை அணிய வேண்டும். இரவு படுக்கும் முன் வீட்டில் ஒருவர் அவர் பாதத்தை விளக்கொளியில், விரலிடுக்கு வரை பார்த்துவிடுங்கள்.

கோயிலைப் பொறுத்தவரை, புண் ஆறும் வரை நிச்சயமாக வேண்டாம். ஆறிய பின்னும் பகல் வெயிலில் வேண்டாம். பங்குனி, சித்திரையில் சுடும் கல்தளத்தில் உணர்வற்ற கால் வெந்துபோவது நடக்கும்போது தெரியாது. வீட்டுக்கு வந்து கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். காலையில் நடை திறந்தவுடன், தளம் குளிர்ந்திருக்கும்போது போய் வரட்டும். மருத்துவர் சொன்னார் என்றால் கேட்க மாட்டார். பேரப்பிள்ளைகளில் யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

வேறு வாசகர்களுக்கும் ஒரு குறிப்பு. கட்டைவிரல் மூட்டு ஒரே இரவில் சிவந்து வீங்கி, போர்வை பட்டால்கூடத் தாங்க முடியாமல் வலித்தால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இருக்கிறது. எலும்பைத் திருத்தும் அறுவைக்கு அதில் வேலையில்லை.

கேள்வி: நான் கல்லூரி இரண்டாம் ஆண்டு மாணவி. வலி எதுவும் இல்லை. ஆனால் என் பாதத்தைப் பார்த்து மற்றவர்கள் கேட்பதால் வெட்கமாக இருக்கிறது. இரவில் கட்டிக்கொண்டால் விரலை நேராக்கும் பட்டையும், சிறுதுளை வழியாகச் செய்து மறுநாளே நடக்கவைக்கும் அறுவையும் விளம்பரத்தில் வருகின்றன. எது நல்லது?
— ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: இரண்டும் வேண்டாம், மகளே. பட்டை கட்டியிருக்கும் வரை விரல் நேராக இருக்கும். அவிழ்த்தால் பழைய இடத்துக்கே போகும். பின்லாந்தில் 209 நோயாளிகளைக் கொண்டு செய்யப்பட்டு 2001-இல் வெளியான ஆய்வு ஒன்றில், காலணிக்குள் வைக்கும் தாங்கிகள் முதல் ஆறு மாதம் வலியைக் குறைத்தன. ஓராண்டு முடிவில் அறுவை செய்துகொண்டவர்களே மற்றவர்களைவிட நலமாக இருந்தார்கள். ஆனால் அவர்கள் எல்லோரும் வலியோடு வந்தவர்கள். உனக்கு வலியே இல்லை. இல்லாத வலியைக் குறைக்க முடியாது. நன்றாக இருக்கும் மூட்டில் இறுக்கத்தையும் மரத்துப்போதலையும் விலைக்கு வாங்குவதாகத்தான் முடியும்.

சிறுதுளை அறுவையில் தோலில் வெட்டு சிறிது. உள்ளே எலும்பு வெட்டப்படுவது வெட்டப்படுவதுதான், வெட்டிய எலும்பு ஒன்றுசேர அதே ஆறு வாரம் வேண்டும். மறுநாள் நடப்பது என்பதும் தனிச் செருப்பில் மெல்ல நடப்பதே. முன்பகுதி அகலமான காலணி அணிந்து, ஆண்டுக்கொருமுறை கால் படத்தைக் கைப்பேசியில் எடுத்து வைத்துக்கொள். வளைவு வேகமாகக் கூடினாலோ வலி தொடங்கினாலோ எலும்பு மருத்துவரைப் பார்.

கேள்வி: எனக்கு எட்டு வாரத்திற்கு முன் இந்த அறுவை நடந்தது. எலும்பு கூடிவிட்டது என்றார்கள். ஆனால் மாலையானால் கால் வீங்குகிறது, விரலும் முன்போல் மடங்கவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டதா?
— ஒரு வாசகி, மேலூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பதில் தவறு எதுவும் தெரியவில்லை. மாலை வீக்கம் இன்னும் சில மாதம் வந்து போகும். உட்காரும்போது காலை முக்காலியின்மேல் வையுங்கள். எலும்பு கூடிவிட்டதால், உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, நாளுக்கு மூன்று நான்கு வேளை ஒரு கையால் பாதத்தைப் பிடித்து, மறுகையால் கட்டைவிரலின் அடியைப் பற்றி மெல்ல மேலும் கீழும் மடக்குங்கள். நுனியைப் பிடித்து இழுக்கக் கூடாது. வெதுவெதுப்பான நீரில் கால் வைத்தபின் செய்தால் எளிது. உங்களுக்கு மூட்டை இணைக்கும் அறுவை நடந்திருந்தால் இந்தப் பயிற்சி பொருந்தாது என்பதால், எந்த அறுவை என்பதை டிஸ்சார்ஜ் சுருக்கத்தில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

புண்ணிலிருந்து நீர் கசிதல், காய்ச்சல், இரவில் கூடும் துடிப்பு வலி ஆகியவை தொற்றின் அறிகுறிகள். கெண்டைக்கால் மட்டும் வீங்கி இறுகி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ ரத்தம் உறைந்திருக்கக்கூடும். இவற்றில் எது வந்தாலும் அடுத்த பரிசோதனை நாள் வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.